சாக்கரின் எந்தக் கையால் பிடித்தது

"ஏழு வருஷம் உன் லேபுல குடுவை கழுவினவளுக்கு ஒரு கையெழுத்துப் போட, உன் பேனாவுல மை இல்லையாட்டி?"

அன்று காலையில் ஹில்டா டீச்சர் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. முதல் தடவை கேட்டபோது 'உங்க' இருந்தது, 'மேடம்' இருந்தது. இரண்டாவது தடவை 'மேடம்' உதிர்ந்துபோனது. மூன்றாவது தடவை இப்படி வந்து விழுந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த சுபைதா நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் ஹில்டா டீச்சருக்கு எரிச்சலைக் கூட்டியது. கத்துகிறவளிடம் பதிலுக்குக் கத்துவதுதான் மரியாதை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பது என்ன பழக்கம்?

"டீச்சர், உக்காருங்க" என்றாள் சுபைதா.

"உக்கார வரல. நாலு மணிக்கு யுனிவர்சிட்டியில கவுன்ட்டரைச் சாத்திருவாங்க."

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் துறை அது. சுபைதா அங்கே உதவிப் பேராசிரியை, வயது முப்பத்தெட்டு. ஹில்டா டீச்சருக்கு ஐம்பத்திரண்டு. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கான்வென்ட் பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி எடுப்பவர். சுபைதாவுக்கும் எடுத்தவர். அந்தச் சுபைதாவிடம்தான் ஏழு வருஷமாகப் பகுதி நேர ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறார். குரு சின்னவள், சிஷ்யை பெரியவர். யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்பதே முதல் ஆறு மாதம் இருவருக்கும் தீராத தலைவலியாக இருந்தது.

இன்று கடைசி நாள். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. ஆய்வேட்டோடு வழிகாட்டி கையெழுத்திட்ட சான்றிதழும் நாலு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் தண்ணீரில் போட்ட உப்புதான்.

ஸ்பைரல் போட்ட ஐந்து பிரதிகள் மேஜையில் இருந்தன. சான்றிதழ் அவற்றின் மேல் இருந்தது. கையெழுத்துக்கான இடம் வெள்ளையாக இருந்தது.

சுபைதா ஒரு பிரதியைத் திறந்து தொண்ணூற்று நாலாம் பக்கத்தைக் காட்டினாள். அங்கே இருந்த படத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

"இதுல சாக்கரின் நிக்கலை எதால பிடிச்சிருக்கு டீச்சர்?"

"நைட்ரஜனால."

"எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? என் பதினேழு காம்ப்ளெக்ஸ்ல பதினாறுல நைட்ரஜன்தான். பதினேழாவதுல மட்டும் அதுக்குப் புத்தி மாறிருமோ?"

சாக்கரின் என்பது வேறொன்றுமில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் காபியில் போடும் அந்தப் பொடி மாத்திரை. சீனியைவிடப் பல நூறு மடங்கு இனிப்பு. ஆனால் அதைக் காபியில் போடாமல் நிக்கல், கோபால்ட், செம்பு போன்ற உலோகங்களோடு சேர்த்தால் அது வேறு வேலை செய்யும். தன்னிடம் இருக்கும் ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி உண்டாகும் சேர்மம்தான் காம்ப்ளெக்ஸ். பிடிக்க அதற்கு ஒரு கை அல்ல, பல கைகள். நடுவில் நைட்ரஜன். ஒரு பக்கம் கார்பனைல் எனும் கார்பன்-ஆக்சிஜன் ஜோடியின் ஆக்சிஜன். மறு பக்கம் கந்தகமும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆக்சிஜனும். பெரும்பாலும் நைட்ரஜனைத்தான் நீட்டும். ஹில்டா டீச்சர் தண்ணீரில் செய்த பதினாறிலும் அதைத்தான் நீட்டியிருந்தது.

பதினேழாவதைத் தண்ணீரில் செய்யவில்லை. பிரிடினில் செய்தார். பிரிடின் என்பது ஒரு திரவம்; அழுகின மீனை ஆஸ்பத்திரி வராந்தாவில் காயப்போட்ட மாதிரி ஒரு வாடை. ஒரு கோடை முழுக்க அந்த வாடை புடவையில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவருடைய வீட்டுக்காரரே இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தார். அப்படிச் செய்த பதினேழு.

"ஐ.ஆர். தாளைப் பாத்தீங்களா?" என்றாள் சுபைதா. சேர்மத்தின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி மெஷின் வரைந்து தரும் தாள் அது; அதில் கார்பனைலின் கோடு கீழே இறங்கினால், பிடித்திருப்பது அதன் ஆக்சிஜனோ என்று சந்தேகப்பட வேண்டும்.

"பாத்தேன்."

"கார்பனைல் கோடு எங்க நிக்கி?"

"கொஞ்சம் கீழ."

"கொஞ்சமா?"

"கீழ இருக்கு. அதான் எழுதியிருக்கேம்லா, 'சிறு மாறுபாடு'ன்னு. மெஷின் பழசு, நான் என்ன பண்ண? அந்த மெஷின் வந்தப்போ நீ ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுட்டு இருந்த."

"இதே மெஷின்தான் மத்த பதினாறுக்கும் சரியாக் காமிச்சிருக்கு."

"அன்னைக்கு அதுக்கு உடம்பு சுகமா இருந்திருக்கும்!"

சுபைதா சிரிக்கவில்லை. "இந்தப் படம் எங்கருந்து வந்தது டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா? துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் அழகாக வரைந்து வைத்திருப்பார். நடுவில் உலோகம், சுற்றி ஆறு இடம், மேலும் கீழும் சாக்கரின், அதன் நைட்ரஜனிலிருந்து உலோகத்துக்கு ஒரு கோடு. அந்தப் படம் பென் டிரைவில் அக்காவிடமிருந்து தங்கைக்கு, தங்கையிடமிருந்து அடுத்தவளுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குகிற மாதிரி. வாங்கினவர் நடுவில் இருக்கும் உலோகத்தின் பெயரை மாற்றுவார். பக்கத்தில் இருப்பவற்றை மாற்றுவார். கோட்டை யாரும் தொட மாட்டார்கள். அந்தப் படத்துக்குத் துறையில் 'தாய்ப் படம்' என்றே பெயர்.

ஹில்டா டீச்சர் பதினேழு படத்தையும் அப்படித்தான் செய்தார். ஒரே மாலையில் முடிந்தது. அது ஒரு குற்றமா?

"எல்லாரும் செய்யறதுதானே நான் செஞ்சேன்? முன்னாடி உன்கிட்ட முடிச்ச நாலு பேரும் அதைத்தான் செஞ்சாங்க. அவங்க தொண்ணூத்தி நாலாம் பக்கத்துல நீ வட்டம் போட்டியா? என் பக்கத்துல மட்டும் பென்சில் எடுக்க. ஏன், வயசானவ எங்க போய்ச் சொல்லப்போறான்னா?"

"அவங்க யாரும் பிரிடின்ல செய்யல டீச்சர்."

"அதாவது, நாத்தத்தைச் சகிச்சதுக்குத் தண்டனை!"

சுபைதா எழுந்தாள். "கொஞ்சம் லேபுக்கு வாங்க."

"எதுக்கு? மணி பதினொண்ணே கால்."

"அஞ்சு நிமிஷம்."

லேபில் எம்.எஸ்ஸி. பிள்ளைகள் நாலு பேர் பியூரெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சுபைதா ஒரு இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி, அறை நடுவே ஒரு ஸ்டூலின் மேல் வைத்தாள்.

"டீச்சர், இந்தக் கம்பியைப் பிடிங்க."

ஹில்டா டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வலது தோளில் கைப்பை தொங்கியது. அதற்குள் குடை, டிபன் டப்பா, ஜெபப் புத்தகம், நூறு பிள்ளைகளின் மாதிரித் தேர்வு விடைத்தாள் எல்லாம் இருந்தன. பை தனக்கென்று ஒரு உடம்போடு இருந்தது.

"என்ன விளையாட்டு இது?"

"பிடிங்களேன்."

பிடித்தார். வலது கையால், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கமாக.

சுபைதா நாலு பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சுற்றிலும் நின்று பிடிக்கச் சொன்னாள். ஒல்லிப் பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். எதிர்ப்பக்கம் சுபைதாவே வந்து நின்று பிடித்தாள். ஆக ஆறு பேர்.

"கம்பி நிக்கல். நீங்களும் நானும் சாக்கரின்; வலது கை நைட்ரஜன், இடது கை ஆக்சிஜன். சுத்தி நிக்கிற பிள்ளைங்க தண்ணி" என்றாள் சுபைதா. "டீச்சர், எந்தக் கை?"

"வலது. கண்ணு தெரியலயா?"

"சரி. எல்லாரும் விடுங்க. நீங்க நாலு பேரும் போய் உங்க பையை மாட்டிட்டு வாங்க."

பிள்ளைகள் போய் முதுகுப் பைகளை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஹாஸ்டல் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போகிற நாள். ஒவ்வொரு பையும் ஒரு மூட்டை. நாலு பேரும் ஸ்டாண்டைப் பிடித்து நின்றதும் அந்த இடம் கோயில்பட்டி பஸ் மாதிரி ஆகிவிட்டது.

"இது பிரிடின். டீச்சர், வந்து பிடிங்க."

ஹில்டா டீச்சர் வலது கையை நீட்டிக்கொண்டு போனார். கைப்பை ஒரு பிள்ளையின் பையில் இடித்தது. விலகி வந்தார். மறுபடி போனார். மறுபடி இடித்தது.

"ஏளா, கொஞ்சம் தள்ளேன்."

"எனக்கு அந்தப் பக்கம் இடமே இல்ல டீச்சர்" என்றது அந்தப் பிள்ளை.

"இந்தப் பையைக் கீழ வச்சிட்டு வாரேன்."

"வைக்கக் கூடாது" என்றாள் சுபைதா. "சாக்கரினால கந்தகத்தைக் கழத்தி வைக்க முடியாதுல்லா?"

பிள்ளைகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஹில்டா டீச்சர் அவளைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது. இருபத்தெட்டு வருஷம் வகுப்பறையை அடக்கிய பார்வை அது.

பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பினார். பை பின்னால் போனது. இடது கையை நீட்டி, இரண்டு பைகளுக்கு நடுவே நுழைத்து, கம்பியைப் பிடித்தார்.

"பிடிச்சிட்டீங்களா டீச்சர்?"

"பிடிச்சிருக்கேன்."

"எந்தக் கை?"

ஹில்டா டீச்சர் கையைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் சுபைதாவும் இடது கையால்தான் பிடித்திருந்தாள்.

"போதும் பிள்ளைகளா, போங்க" என்றாள் சுபைதா.

அவர்கள் போன வேகத்தைப் பார்த்தால், விஷயம் சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் தாண்டி நாலு ஊருக்குப் போய்விடும் என்று தெரிந்தது.

"ஆக, ஆக்சிஜனால பிடிச்சிருக்குன்னு சொல்லுத."

"நான் சொல்லல."

"ஸ்டூல் மேல கம்பியை வச்சு நாலு பிள்ளைங்களை நிக்க வச்சா அது ஆதாரமாயிருமா? மாரல் சயின்ஸ் பீரியட்ல சிஸ்டர் காட்டின வித்தை மாதிரி இருக்கு. வைவா நடத்த வாரவர் முன்னாடி நான் பையை மாட்டிட்டுப் போய் நிக்கவா?"

"ஆதாரம் இருக்கு."

சுபைதா அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கேரளத்தில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. பதினேழாவதின் படிகம் ஒன்றை எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு அணுவும் எங்கே இருக்கிறது என்று அளந்து அனுப்பியிருந்தார்கள். நடுவில் நிக்கல். சுற்றி நாலு பிரிடின். மேலும் கீழும் சாக்கரின். இரண்டும் நிக்கலைக் கார்பனைல் ஆக்சிஜனால் பிடித்திருந்தன. நைட்ரஜன் சும்மா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹில்டா டீச்சர் தாளை வாசித்தார். மறுபடி வாசித்தார். அவர் முகம் சிவந்தது.

"எப்ப அனுப்பின?"

"ரெண்டு மாசம் முன்னாடி. அந்தக் கோடு சரியாப் படல. ஒரு படிகத்தை எடுத்து அனுப்பினேன்."

"என்கிட்ட கேக்காம?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்! நான் பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாம எக்ஸ்ரே எடுத்திருக்க. இது எப்ப வந்தது?"

"இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு."

"எட்டு மணிக்கு வந்த தாளைப் பதினொண்ணரைக்குக் காட்டுத! நடுவுல நாலு பிள்ளைங்க முன்னாடி என்னைக் கோமாளியாட்டம் கம்பியைப் பிடிக்க விட்டுட்டு. எட்டு மணிக்கே இதை என் மூஞ்சியில நீட்டியிருந்தா இவ்வளவு நேரம் நான் தொண்டை கிழியக் கத்தியிருப்பேனா?"

"தாளை நீட்டியிருந்தா, கேரளாக்காரன் மெஷினும் பழசுன்னு சொல்லியிருப்பீங்க."

ஹில்டா டீச்சர் வாயைத் திறந்தார். சொல்லியிருப்பார்தான். வாயை மூடிக்கொண்டார். அந்தக் கணத்தில் அவருக்குச் சுபைதாமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தப்பு செய்தவளை மன்னிக்கலாம். நம்மை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவளை எப்படி மன்னிப்பது?

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். தாய்ப் படத்தைத் திறந்தார். சாக்கரினைப் பிடித்துத் திருப்பினார். நைட்ரஜனிலிருந்து போன கோட்டை அழித்தார். ஆக்சிஜனிலிருந்து ஒரு கோடு போட்டார். மேலே ஒன்று, கீழே ஒன்று. கால் மணி நேரம் ஆனது. 'சிறு மாறுபாடு' என்ற சொற்களை அடித்துவிட்டு, எக்ஸ்ரே என்ன சொன்னதோ அதை எழுதினார். விசைப்பலகை ஒவ்வொரு எழுத்துக்கும் அடி வாங்கியது.

"இன்னையோட முடிஞ்சது. இந்த லேப் வாசப்படியை இனி மிதிச்சா என்னை என்னன்னு கேளு" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

சுபைதா பின்னால் நின்றாள்.

பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. 'இதை ஒத்த கோபால்ட் சேர்மத்திலும் சாக்கரின் நைட்ரஜன் வழியாகவே பிணைந்துள்ளது என்று முன்னரே பதிவாகியுள்ளது.' அந்த வரி இனி பொருந்தாது. எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் அது யார் பதிவு செய்தது என்று பார்க்க, பிரதியின் கடைசியில் இருந்த மேற்கோள் பட்டியலைத் திருப்பினார் ஹில்டா டீச்சர்.

அங்கே இருந்தது சுபைதாவின் பெயர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது எழுதிய கட்டுரை.

ஹில்டா டீச்சர் மெல்லத் திரும்பினார்.

"சுபைதா. உன் கோபால்ட்டை எதுல செஞ்ச?"

"பிரிடின்ல."

"சுத்தி எத்தனை பிரிடின்?"

"நாலு."

"எக்ஸ்ரே எடுத்தியா?"

"இல்ல."

"பின்ன எப்படி நைட்ரஜன்னு போட்ட?"

சுபைதா, "எனக்கு முன்னாடி ஒரு அக்கா படம் குடுத்தாங்க. நான் நடுவுல பேரை மாத்தினேன்" என்றாள்.

ஹில்டா டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"அப்போ நான் காப்பியடிச்சது உன்கிட்டருந்து! நீ காப்பியடிச்சதைத்தான் நான் காப்பியடிச்சிருக்கேன். உன் பக்கத்துல பென்சில் வட்டம் போட்டது யாரு? ஒருத்தருமில்ல. அச்சுல வந்து, பட்டமும் வாங்கி, வேலையும் வாங்கி, எனக்கு வழிகாட்டியாவும் உக்காந்தாச்சு. உனக்கொரு நியாயம், எனக்கொரு நியாயமா? கடைசி நாள் காலையில என் கழுத்துல கத்தியை வைக்கிற கை, பதினோரு வருஷம் உன் படத்துப் பக்கம் போகலையே!"

"போகல."

"போகலன்னு ஒரு வார்த்தையில சொல்லுத!"

"வேற என்ன சொல்ல டீச்சர்? போகல."

ஒத்துக்கொள்கிறவளிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஹில்டா டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நடந்தபோதே இன்னொன்று தலையில் உறைத்தது. நின்றார்.

"அடுத்த மாசம் உனக்கு ப்ரமோஷன் இன்டர்வியூல்லா?"

"ஆமா."

"என் பக்கத்துல ஆக்சிஜன்னு வந்தா, வாசிக்கிறவன் அடுத்து உன் கோபால்ட்டைத் தேடிப் போவான்."

"போவான்."

"நீ காலையில எட்டு மணிக்கு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு எனக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது. ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"அறிவு இருக்காட்டி உனக்கு?" இந்தத் தடவை ஹில்டா டீச்சரின் குரல் உடைந்தது. கோபம்தான், ஆனால் திசை மாறிப் பாயும் கோபம். "பிழைக்கத் தெரியாத பிறவி! ரெண்டு பேரு கழுத்துக்கும் சேர்த்துக் கயிறு திரிச்சிருக்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இங்க பாரு, நான் பதினேழாவதையே எடுத்துடுதேன். பதினாறு போதும் பட்டத்துக்கு. அந்தப் பக்கமே இல்லன்னா உன் பக்கத்தை எவன் தேடுவான்? ஒரு கோடை நாத்தம் போனாப் போவுது, சவத்தை விடு. எடுத்துடவா?"

அவர் கை மவுஸின் மேல் இருந்தது.

சுபைதா மேஜைக்குப் போனாள். சான்றிதழை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள், தேதி போட்டாள், முத்திரை குத்தினாள். ஐந்து பிரதியிலும் போட்டாள். சான்றிதழில் ஆய்வேட்டின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'பதினேழு சேர்மங்கள்.' அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"பதினேழுக்குத்தான் போட்டிருக்கேன் டீச்சர். பதினாறுக்கு வேணும்னா வேற ஆளைப் பாருங்க."

ஹில்டா டீச்சர் சான்றிதழைப் பார்த்தார். காலையிலிருந்து இந்த மைக்காகத்தான் கத்தினார். மை வந்துவிட்டது. வாங்கினதும் வரும் என்று நினைத்த சந்தோஷத்தைத்தான் காணோம்.

பழைய தொண்ணூற்று நாலாம் பக்கத்தை ஐந்து பிரதியிலிருந்தும் உருவி, புதுப் பக்கத்தை அச்செடுத்து, ஸ்பைரலில் ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து, எதிரெதிரே உட்கார்ந்து. மணி இரண்டாகியது. ஆட்டோவுக்குப் போன் போட்டாயிற்று.

கடைசிப் பிரதியைக் கோத்து முடித்ததும் ஹில்டா டீச்சர் கேட்டார்: "உன்னுதையும் மாத்திரட்டுமா? கால் மணி நேர வேலை. என்னுதுல செஞ்ச மாதிரியே கோபால்ட்டையும் ஆக்சிஜன்ல மாட்டி, ஒரு படம் போட்டுத் தந்திருதேன். அதைப் பத்திரிகைக்கு நீயா அனுப்பிட்டா, யாரும் உன்னைக் கேக்கறதுக்கு முன்னாடி நீ முந்திக்கலாம்."

"வேண்டாம் டீச்சர்."

"ஏன் வேண்டாம்? நாலு பிரிடின். அதே நெருக்கடி. ஆக்சிஜனாத்தான் இருக்கும்."

"இருக்கும்னுதானே முதல்லயும் போட்டேன்?"

ஹில்டா டீச்சர் பிரதிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

"அது எதால பிடிச்சிருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் பாக்கல" என்றாள் சுபைதா. "நானும் பாக்கல."

"பின்ன பத்திரிகைக்கு என்னத்த எழுதுவ?"

"காலையிலயே எழுதிட்டேன். அந்தக் கோட்டை அழிச்சிருங்கன்னு."

"அழிச்சிட்டு?"

"அழிச்சிட்டு ஒண்ணும் போட வேண்டாம்னு."

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஹில்டா டீச்சர் ஐந்து பிரதியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டி, வராந்தா வரைக்கும் போனார். சுபைதா கதவருகே நின்றாள். பதினோரு வருஷத்தில் அவளிடம் அந்தக் கோபால்ட் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. படிகம் வளர்ப்பதும் அவளுக்குக் கைவராத வேலை. அசைக்காமல், மூடி திறந்து பார்க்காமல், வாரக்கணக்கில் ஒரு குடுவையை அதன் போக்கில் விட்டுவைக்கிற பொறுமை அந்தத் துறையிலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. வாயில் துளிப் பொறுமை இல்லாத அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

"டீச்சர்" என்றாள் சுபைதா.

ஹில்டா டீச்சர் நின்றார். திரும்பவில்லை.

"அந்தக் கோபால்ட்டைத் திரும்பச் செய்யணும். பிரிடின்லதான். திங்கக்கிழமையிலருந்து வந்து செஞ்சு தாரீங்களா?"

ஆட்டோ இன்னொரு தடவை ஹாரன் அடித்தது.